மண் போடாத பாட்டிலிலும் சுண்ணாம்புத் தண்ணீர் பால் நிறமாகிவிட்டது: செவ்வாயில் உயிர் தேடும் கருவியை எப்படித்தான் வடிவமைப்பது?

குடியாத்தம் வாத்தியார் | ஞாயிறு, இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். குடியாத்தத்துக்குப் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் நடத்துகிறேன். எங்கள் ஒன்பதாம் வகுப்பு மாணவிகள் மூன்று பேர் அறிவியல் கண்காட்சிக்கு ‘செவ்வாய் மண்ணில் நுண்ணுயிர் தேடும் கருவி’ என்று ஒரு மாதிரி செய்தார்கள். 1976-இல் செவ்வாயில் இறங்கிய வைக்கிங் கலங்களில் நாசா அனுப்பிய சோதனையைப் பாடப்புத்தகத்துக்கு வெளியே எங்கோ படித்துவிட்டு வந்து பிடிவாதம் பிடித்தார்கள். நானும் சரி என்றேன்.

கருவி இதுதான். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் இரண்டு கரண்டி மண். அதன்மேல் வெல்லத் தண்ணீர். மூடியில் துளை போட்டு, குளுக்கோஸ் ஏற்றும் குழாயைச் சொருகி, மறுமுனையைச் சுண்ணாம்புத் தெளிநீரில் விட்டிருந்தோம். சுண்ணாம்பு வெற்றிலைக் கடையில் வாங்கியது. மண்ணில் உயிர் இருந்தால் வெல்லத்தைத் தின்று கார்பன் டை ஆக்சைடு விடும், தெளிநீர் பால் நிறமாகும். பள்ளி வேப்பமரத்தடி மண் ஒரு பாட்டிலில், கவுண்டன்யா ஆற்று மணல் இன்னொன்றில், குக்கரில் வேகவைத்த வேப்பமரத்து மண் மூன்றாவதில்.

நடுவராக வந்த பெரியவர் ஐந்து நிமிடம் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரே கேள்வி: “மண்ணே போடாமல் வெல்லத் தண்ணீரை மட்டும் ஊற்றிப் பார்த்தீர்களா?” பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். நான் சுவரைப் பார்த்தேன். ஆறுதல் பரிசு கொடுத்து அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்து அதையும் செய்து பார்த்தேன். மண் இல்லாத பாட்டிலிலும் ஐந்து மணி நேரத்தில் பால் நிறம். குக்கரில் வேகவைத்த மண்ணிலும் பால் நிறம். ஆற்று மணலில் ஊற்றிய உடனேயே குமிழி. அதாவது எங்கள் கருவி எதைக் காட்டினாலும் ‘உயிர் இருக்கிறது’ என்றே சொல்கிறது! மூன்று வாரத்தில் அடுத்த சுற்று. ஐந்நூறு ரூபாய்க்குள் இதைச் சரிசெய்ய முடியுமா? உண்மையான விஞ்ஞானிகள் இந்தச் சிக்கலை எப்படிச் சமாளித்தார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பிள்ளைகள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.


காட்பாடிக்காரன் | ஞாயிறு, இரவு 10.15

வாத்தியார் ஐயா, சுண்ணாம்புத் தண்ணீர் எல்லாம் தாத்தா காலத்து முறை. ஒரு ஆர்டுயினோ போர்டு, எம்க்யூ-135 வாயு சென்சார், சின்னத் திரை. மொத்தமும் ஐந்நூறு, அறுநூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். திரையில் எண் ஓடினால் நடுவர் அசந்துபோவார். நான் இறுதியாண்டு பொறியியல் படிக்கிறேன், நிரல் வேண்டுமானால் எழுதித் தருகிறேன்.


பழைய பெட்ரித்தட்டு | திங்கள், காலை 6.20

காட்பாடித் தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம். எம்க்யூ-135 அமோனியாவுக்கும் எண் காட்டும், சாராய ஆவிக்கும் காட்டும், பக்கத்தில் யாராவது ஊதுபத்தி கொளுத்தினால் அதற்கும் காட்டும். புளித்த வெல்லத் தண்ணீரின் மேல் அதைப் பிடித்தால் எதைக் குறித்து எண் ஓடுகிறது என்று உங்களுக்கே தெரியாது. வாத்தியாரின் பாட்டிலுக்குக் கண் நன்றாகத்தான் தெரிகிறது. ‘இல்லை’ என்று சொல்லத்தான் அதற்கு வாய் இல்லை. அதற்குத் தங்கத்தில் கண் வைத்தாலும் பயன் இல்லை.

வாத்தியாரே, நான் வேலூரில் முப்பத்தோரு வருடம் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் நுட்பராக இருந்து ஓய்வு பெற்றவள். செவ்வாயைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், வைக்கிங்கில் அந்தச் சோதனையை வடிவமைத்த கில்பர்ட் லெவின் ஆரம்பத்தில் எங்கள் சாதிதான்: சுகாதாரப் பொறியாளர். குடிநீரில் கிருமி இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள இரண்டு மூன்று நாள் காத்திருக்க வேண்டியிருக்கிறதே, அதைச் சுருக்க முடியாதா என்று 1950-களில் யோசித்தவர். கிருமிக்குப் போடும் தீனியில் கதிரியக்கக் கார்பனைக் கலந்துவிட்டால், அது விடும் வாயுவில் துளி இருந்தாலும் கருவி பிடித்துவிடும். அந்த யோசனைதான் இருபது வருடம் கழித்துச் செவ்வாய்க்குப் போனது. தண்ணீர் சோதிக்கிறவர்கள் எல்லாம் இதைக் கேட்டுக் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொள்ளலாம்.

இப்போது என் கதை. 1990-களில் நடந்தது. நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. எச்2எஸ் பாட்டில் என்று ஒன்று உண்டு. 1982-இல் மஞ்சாவும் அவரோடு இருந்தவர்களும் வெளியிட்ட நம் நாட்டு முறை. சின்னப் பாட்டிலில் பெப்டோன், தயோசல்ஃபேட், இரும்பு உப்பு தோய்த்துக் காயவைத்த காகிதத் துண்டு இருக்கும். இருபது மில்லி தண்ணீரை ஊற்றி மூடி வைக்க வேண்டும். மலக்கிருமியோடு சேர்ந்து வரும் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை விடும், அது இரும்போடு சேர்ந்து மை போலக் கறுக்கும். ஒரு நாள், இரண்டு நாளில் தெரிந்துவிடும். கிராமத்துக்கு எடுத்துப்போக இதைவிட வசதியான முறை கிடையாது.

பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் பட்டறைகள் நெருங்கிய ஓர் ஊரில் இருந்து கிணற்றுத் தண்ணீர் வந்தது. ஊற்றி மூடிவிட்டுக் கை கழுவப் போனேன். திரும்பி வருவதற்குள் பாட்டில் கறுத்திருந்தது. பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான் கெட்டிக்காரி அல்லவா, ஒப்பீட்டுக்கு அதே தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு இன்னொரு பாட்டிலில் ஊற்றினேன். அது கறுக்கவில்லை. கொதித்ததில் கிருமி செத்தது, அதனால் கறுக்கவில்லை என்று அடித்துச் சொல்லி, ‘கடும் மாசு, கிருமி உண்டு’ என்று பதிவேட்டில் எழுதிவிட்டேன்.

எங்கள் மூத்தவர் பாட்டிலைக் கையில்கூட எடுக்கவில்லை. மாதிரி வந்த கேனைத் திறந்து முகர்ந்தார். “எவ்வளவு நேரத்தில் கறுத்தது?” என்றார். சொன்னேன். “பத்து நிமிடத்தில் குட்டி போடுகிற கிருமியை நான் இன்னும் பார்க்கவில்லை அம்மா” என்றார். பிறகு ஈய அசிடேட் தோய்த்த காகிதத்தைக் கேன் வாயில் பிடித்தார். காகிதம் பழுப்பாகிக் கறுத்தது. தோலில் இருந்து மயிர் நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடு போடுவார்கள். அந்தக் கழிவு நிலத்தில் இறங்கி, கிணற்றிலேயே சல்ஃபைடு இருந்திருக்கிறது. பாட்டிலைக் கறுக்கவைத்தது அதுதான், கிருமி அல்ல. கொதிக்கவைத்த தண்ணீர் ஏன் கறுக்கவில்லை? கொதிக்கும்போது வாயு பறந்துவிட்டது. நான் கொன்றதாக நினைத்த கிருமி, உண்மையில் ஆவியாகப் போன ரசாயனம்.

இதில் ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். மறுநாள் முறைப்படி சோதனைக் குழாய்களில் கிருமி வளர்த்துப் பார்த்ததில் அந்தக் கிணற்றில் மலக்கிருமியும் இருந்தது! நான் எழுதிய பதில் சரி, எழுதிய காரணம் தப்பு. மூத்தவர் பதிவேட்டில் என் வரியை அடித்துவிட்டு அதே வார்த்தைகளை மறுபடி எழுதி, அடியில் தேதியை மாற்றிப் போட்டார். அந்தத் தேதியை நான் இன்னும் மறக்கவில்லை.

வைக்கிங்கில் நடந்ததும் ஏறக்குறைய இதேதான். லெவினின் கருவி அரை கன சென்டிமீட்டர் செவ்வாய் மண்ணில் ஒரு சொட்டுச் சத்துநீர் விட்டது. ஏழு விதமான எளிய தீனி, எல்லாவற்றிலும் கதிரியக்கக் கார்பன். உடனே வாயு கிளம்பியது. ஒப்பீட்டு மண்ணை 160 டிகிரியில் மூன்று மணி நேரம் சூடுபடுத்தி, பிறகு அதே தீனியை விட்டார்கள். வாயு இல்லை. முன்கூட்டியே பேசிவைத்த விதிப்படி பார்த்தால் இது ‘உயிர் உண்டு’ என்ற விடை. இரண்டு கலங்களும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் இடைவெளியில் இறங்கியவை. இரண்டிலும் இதே கதை.

ஆனால் வாயு கிளம்பிய வேகத்தைப் பாருங்கள். கிருமி என்றால் முதலில் சோம்பிக் கிடக்கும், பிறகு பெருகும், வாயுவும் மெதுவாகத் தொடங்கி வேகமெடுக்கும். இங்கே ஊற்றியதும் பொங்கி, பிறகு அடங்கிவிட்டது. ஒரு வாரம் கழித்து இரண்டாவது தடவை தீனி விட்டார்கள். பசித்த உயிர் என்றால் இன்னொரு முறை வாயு வர வேண்டும். வரவில்லை, மேலே இருந்த வாயுவிலும் ஐந்தில் ஒரு பங்கு மண்ணுக்குள் திரும்பிப் போனது. பக்கத்திலேயே இருந்த வேறொரு சோதனையில் மண்ணுக்கு ஈரக்காற்று பட்டதுமே ஆக்சிஜன் வந்தது. சூடுபடுத்திய மண்ணும் அந்த ஆக்சிஜனை விட்டது. ஆக, அந்த மண்ணில் ஏதோ வீரியமான ரசாயனம் இருக்கிறது என்று பெரும்பாலானவர்கள் முடிவுக்கு வந்தார்கள். சூட்டில் செத்தது கிருமியா, சிதைந்தது ரசாயனமா? என் கிணற்றுத் தண்ணீர்க் கேள்வியேதான். லெவின் மட்டும் 2021-இல் இறக்கும்வரை ‘நாங்கள் உயிரைக் கண்டுபிடித்துவிட்டோம்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அவரை யாரும் பைத்தியம் என்று ஒதுக்கிவிட முடியவில்லை. 50 டிகிரி அளவுக்கு மட்டும் சூடுபடுத்திய மண்ணிலும் வாயு மிகவும் குறைந்துபோனது அவர் பக்கத்துக்கு வலுவான சாட்சி.

சரி, உங்கள் பாட்டிலுக்கு வருவோம். வெல்லத் தண்ணீரை எப்போது கரைத்தீர்கள்? முந்தின நாளா? வெல்லத்தில் காட்டு ஈஸ்ட் தானாகவே இருக்கும். அதைக் கால் மணி நேரம் கொதிக்கவைத்து, மூடியபடி ஆறவிட்டு, அன்றே பயன்படுத்துங்கள். மண் போடாத பாட்டில் கட்டாயம் வேண்டும். அது தெளிவாக இருக்கும்வரை மற்றதைத் தொடவே தொடாதீர்கள். ஆற்று மணலை ஒரு தட்டில் போட்டு எலுமிச்சைச் சாறு பிழியுங்கள். நுரைத்தால் அதில் நத்தை ஓடோ சுண்ணாம்புக்கல்லோ இருக்கிறது. உங்கள் புளித்த வெல்லத் தண்ணீர் அதன்மேல் பட்டுத்தான் உடனே குமிழி விட்டிருக்கும்.

முக்கியமானது: கொல்வதற்கு இரண்டு வழி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று குக்கர். இன்னொன்று கல்லுப்பு, கரையாமல் அடியில் தங்கும் அளவுக்குப் போடுங்கள். சூடு கிருமியையும் கொல்லும், சில ரசாயனத்தையும் கெடுக்கும். உப்பு, கிருமிகளில் பெரும்பாலானவற்றை முடக்கும். ரசாயனத்தை அநேகமாகச் சும்மா விட்டுவிடும். இரண்டிலும் வாயு நின்றால்தான் ‘உயிர்’ என்று வாயைத் திறக்கலாம். அரை மணிக்கு ஒரு தடவை நேரம் குறிக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்குப் பொறுமை இருக்காது, ஆனால் இந்தச் சோதனையில் நேரம்தான் முதல் சாட்சி.

அந்த நடுவர் யாரோ தெரியாது. கும்பிட வேண்டும் போல் இருக்கிறது.


சத்துவாச்சாரி டிபன் கடை | திங்கள், காலை 11.05

படித்தவர்கள் பேசும் இடத்தில் நான் நுழைகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அம்மா சொன்னதைப் படித்ததும் என் கடை மாவுதான் நினைவுக்கு வந்தது. கத்திரி வெயிலில் இரவு ஒன்பது மணிக்குக் கரைத்து வைத்தால் மூன்று மணிக்கே அண்டாவுக்கு வெளியே வந்துவிடும். மார்கழியில் விடிந்தாலும் எழாது. ஒரு தடவை புது மாஸ்டர் மாவு எழவில்லை என்று ஆப்பசோடாவை அள்ளிப் போட்டுவிட்டார். ஐந்து நிமிடத்தில் பொங்கியது, பத்து நிமிடத்தில் படுத்துவிட்டது. இட்லி மஞ்சளாகிவிட்டது. பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, இது மாவு தானாக எழுந்த எழுச்சி இல்லை என்று. அம்மா சொல்வதும் இதுதானே?

ஒரு சந்தேகம். செவ்வாயில் மார்கழியைவிடக் குளிர் என்கிறார்கள். அங்கே இருக்கிற கிருமிக்கு நம் ஊர்த் தண்ணீரை ஊற்றினால் அது பிழைக்குமா?


பழைய பெட்ரித்தட்டு | திங்கள், மாலை 7.50

கடைக்கார அண்ணா, நீங்கள் நுழைந்தது நல்லதாயிற்று. ஆப்பசோடா உதாரணம் என் தலையில் முப்பது வருடமாக உதிக்கவில்லை. வாத்தியாரே, அதைப் பிள்ளைகளுக்கு அப்படியே சொல்லுங்கள். ஒரு பாட்டிலில் மோரும் ஆப்பசோடாவும் போட்டு ‘உயிர் இல்லாத வாயு எப்படி வருகிறது பாருங்கள்’ என்று பக்கத்திலேயே வைக்கலாம். மோரைக் கொதிக்கவைத்துப் போடச் சொல்லுங்கள், இல்லையென்றால் மோரில் உயிர் இருக்கிறதே என்று எந்த நடுவராவது கிளம்புவார்.

தண்ணீர் பற்றிய சந்தேகம் சாதாரணச் சந்தேகம் இல்லை. வைக்கிங் குழுவிலேயே நார்மன் ஹொரோவிட்ஸ் இதைத்தான் கேட்டார். திரவத் தண்ணீரே இல்லாத உலகத்தில் பழகிய கிருமியைத் தண்ணீரில் முக்கினால் அது செத்தாலும் சாகலாம் என்றார். அதனால் அவர் வடிவமைத்த கருவியில் தண்ணீரும் இல்லை, தீனியும் இல்லை. செவ்வாயின் காற்றையே கொஞ்சம் கதிரியக்கக் கார்பனோடு கொடுத்து, சூரியனைப் போல் ஒரு விளக்கைப் போட்டு, ஐந்து நாள் விட்டுவிட்டுப் பார்த்தார். நம் வீட்டு விருந்தாளிக்கு நம் சாப்பாட்டைத் திணிக்காமல் அவர் ஊர் வழக்கப்படி இருக்கவிடுவது போல.

தண்ணீரில் கிருமி பெருகினால் அது கலங்கும், அந்தக் கலங்கலை ஒளியால் அளக்கலாம் என்று இன்னொரு கருவி செய்தவர் உல்ஃப் விஷ்னியாக். ‘உல்ஃப் பொறி’ என்றே அதற்குப் பெயர். செலவைக் குறைக்க 1972-இல் அதை வைக்கிங்கில் இருந்து நீக்கிவிட்டார்கள். மனிதர் ஓயவில்லை. உயிரே இருக்காது என்று நினைக்கப்பட்ட அண்டார்டிகாவின் வறண்ட பள்ளத்தாக்குகளில் கண்ணாடித் தகடுகளை வைத்து நுண்ணுயிரைத் தேடினார். 1973 டிசம்பரில் அவற்றைத் திரும்ப எடுக்கப் போனபோது சரிவில் விழுந்து இறந்துபோனார். கலங்கலைப் பார்த்து எண்ணிக்கை சொல்வது நாங்கள் தினமும் செய்த வேலை. அதனாலோ என்னவோ, இவரைப் பற்றிப் படித்த அன்று எனக்குச் சாப்பிடப் பிடிக்கவில்லை.

வாத்தியாருக்கு இன்னொரு விஷயம். இது குடியாத்தத்துக்காரருக்குத்தான் சட்டென்று புரியும். வைக்கிங்கில் மண்ணை 500 டிகிரிவரை சூடுபடுத்தி, அதில் இருந்து வரும் கரிமப் பொருளைத் தேடும் கருவியும் இருந்தது. கிடைத்தது குளோரோமீத்தேன், டைகுளோரோமீத்தேன் என்ற இரண்டே. ‘இவை பூமியில் கருவியைத் துடைத்த கரைப்பானின் மிச்சம்’ என்று ஒதுக்கினார்கள். கரிமப் பொருளே இல்லை, அப்புறம் உயிர் எங்கே என்று கதவைச் சாத்தினார்கள். முப்பத்திரண்டு வருடம் கழித்து, 2008-இல் ஃபீனிக்ஸ் கலம் செவ்வாய் மண்ணில் பெர்குளோரேட் இருப்பதைக் கண்டது. கிட்டத்தட்ட அரை சதவீதம்.

உங்கள் ஊர்த் தீப்பெட்டித் தொழிற்கூடத்தில் குச்சி முனைக்குப் பூசும் மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருக்கிறதே, அதன் அண்ணன் இந்தப் பெர்குளோரேட். குளிரில் சாதுவாகக் கிடக்கும். சூடு ஏறினால் ஆக்சிஜனைக் கக்கிப் பக்கத்தில் இருப்பதை எரித்துவிடும். கரிமப் பொருளைத் தேடுவதற்காக அவர்கள் மண்ணைச் சூடுபடுத்தினார்கள். அந்தச் சூடே கரிமப் பொருளை எரித்திருக்கலாம். சிலியின் அட்டகாமா பாலைவன மண்ணில் பெர்குளோரேட் கலந்து சூடுபடுத்தியபோது அதே இரண்டு குளோரின் சேர்மங்கள் வந்ததாக 2010-இல் வெளியிட்டார்கள். தீக்குச்சி மருந்தில் வைத்து நெல்மணியைத் தேடிய கதை.

அதற்குப் பிறகு செவ்வாய்க்குப் போன கியூரியாசிட்டி ஊர்தியிலும் சும்மா இல்லை. ஆய்வுக்காகக் கூடவே எடுத்துப்போன ஒரு ரசாயனம் உள்ளே கசிந்து, முதல் அளவீடுகளில் எது செவ்வாய், எது நம் வீட்டுச் சரக்கு என்று பிரிப்பதே பெரும்பாடு ஆனது. பிரித்தார்கள், குளோரோபென்சீன் செவ்வாயின் சொந்தச் சரக்கு என்று உறுதி செய்தார்கள். எப்படி? வெறும் கிண்ணத்தையும் அதே சூட்டில் ஓட்டிப் பார்த்துத்தான். உங்கள் மண் போடாத பாட்டில்!


காட்பாடிக்காரன் | திங்கள், இரவு 9.30

அம்மா, கோபம் இல்லை. எம்க்யூ-135 விஷயத்தில் நான் யோசிக்காமல் சொன்னது உண்மைதான். அகச்சிவப்பு ஒளியால் கார்பன் டை ஆக்சைடை மட்டும் அளக்கும் சென்சார் உண்டு, ஆனால் ஐந்நூறு ரூபாயில் அடங்காது.

ஒரு கேள்வி. இவ்வளவு ரசாயனக் குழப்பத்துக்குப் பதில் ஒரு நல்ல நுண்ணோக்கியை அனுப்பிவிட்டால் போதாதா? நீந்தினால் உயிர், நீந்தாவிட்டால் மண். அப்புறம், நம் பழைய வட ஆற்காட்டிலேயே காவலூர் தொலைநோக்கி இருக்கிறதே, அதில் இருந்தே பார்க்க முடியாதா?


பழைய பெட்ரித்தட்டு | செவ்வாய், காலை 5.55

காவலூரில் 1977-இல் யுரேனஸின் வளையங்களையே பிடித்தார்கள், அதைப் பற்றிப் பெருமைப்பட நமக்கு உரிமை இருக்கிறது. ஆனால் தொலைநோக்கியில் கிடைப்பது ஒளி. ஒளியில் என்ன வாயு என்று தெரியலாம். அதை விட்டது கிருமியா, பாறையா என்று அதில் எழுதியிருக்காது.

நுண்ணோக்கி யோசனை நல்லது; அதற்காக மெனக்கெடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் தம்பி, தொங்கு துளி வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? குழிவுள்ள கண்ணாடித் தகட்டின்மேல் ஒரு சொட்டுத் தொங்கும். உள்ளே எல்லாமே ஆடும். செத்த கிருமியும் ஆடும், தூசியும் ஆடும், அரைத்த சுண்ணாம்பும் ஆடும். தண்ணீர் மூலக்கூறுகள் முட்டி முட்டி ஆட்டுகிற பிரௌனியன் இயக்கம் அது. இருந்த இடத்திலேயே நடுங்குவதற்கும் ஓர் இடத்தைவிட்டு இன்னோர் இடத்துக்குப் போவதற்கும் வித்தியாசம் தெரிய எனக்கு ஆறு மாதம் ஆனது. எத்தனையோ உயிருள்ள கிருமிகள் நீந்தவே நீந்தாது, அது வேறு.

இன்னொன்றும் சொல்கிறேன். ஹைட்ரஜன் பெராக்சைடில் கிருமியைத் தொட்டால் நுரைக்கும். எங்கள் பரிசோதனைக் கூடத்தில் தினப்படிச் சோதனை அது. முதல் வாரமே எனக்குச் சொன்ன எச்சரிக்கை: கிருமியை இரும்புக் கம்பியால் எடுக்காதே, கண்ணாடிக் குச்சியால் எடு. ஏனென்றால் இரும்பே பெராக்சைடை நுரைக்கவைத்துவிடும். செவ்வாய் எதனால் சிவப்பு? இரும்புத் துருவால்! எனக்குத் தெரிந்து, கிருமி தேட இதைவிட மோசமான இடம் வேறு இருக்க முடியாது.

நம் அழுக்குக் கையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்போலோ 12 வீரர்கள் 1969-இல் நிலவில் இருந்து பழைய சர்வேயர் 3 கலத்தின் கேமராவைக் கழற்றி வந்தார்கள். அதற்குள் நம் வாயில் வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி இருந்தது. இரண்டரை வருடம் நிலவில் தாக்குப்பிடித்த கிருமி என்று எழுதினார்கள். பிறகு பழைய படங்களைத் தோண்டிப் பார்த்தால், கேமராவைப் பிரித்தவர்கள் அரைக்கைச் சட்டையோடு வேலை செய்திருக்கிறார்கள். இப்போது செவ்வாயில் இறங்கும் கலத்தின் மேற்பரப்பில் சராசரியாகச் சதுர மீட்டருக்கு 300 வித்துகளுக்கு (ஓடு கட்டிக்கொண்டு தூங்கும் கிருமிகள்) மேல் இருக்கக்கூடாது என்று விதியே உண்டு. பஞ்சால் துடைத்து, 80 டிகிரியில் கால் மணி நேரம் வைத்து, பிழைத்ததைத் தட்டில் வளர்த்து எண்ணுவார்கள். நாசாவில் இந்தத் துறையில் பேர்பெற்ற கஸ்தூரி வெங்கடேஸ்வரன், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கடல் நுண்ணுயிரியல் படித்தவர். விண்வெளி நிலைய வடிகட்டியில் கிடைத்த ஒரு பாக்டீரியாவுக்கு 2017-இல் கலாம் பெயரை வைத்தது அவர் குழுதான்.

இப்போதைய கருவிகள் பெரும்பாலும் தீனி போடுவதை விட்டுவிட்டன. 2021-இல் செவ்வாயில் இறங்கிய பெர்சிவியரன்ஸ் ஊர்தி பாறைமேல் லேசர் அடித்து, சிதறும் ஒளியைப் படிக்கிறது. அது நம் ராமன் 1928-இல் கண்டதுதான். சூடு இல்லை, பெர்குளோரேட் தொல்லை இல்லை. 2024-இல் ஒரு பாறையில் சிறுத்தைப் புள்ளி போல் வட்டங்களைப் பார்த்தார்கள். செயாவா ஃபால்ஸ் என்று பெயர். புள்ளிகளில் இரும்பு பாஸ்பேட்டும் இரும்பு சல்ஃபைடும் இருப்பதாகத் தெரிகிறது என்று 2025 செப்டம்பரில் வெளியிட்டார்கள். இரும்பு சல்ஃபைடு! என் எச்2எஸ் பாட்டிலில் கறுப்பது அந்தக் குடும்பம்தான். பூமியில் கிருமிகள் சேற்றுக்குள் அதைச் செய்யும். கிருமி இல்லாமலும் அது உண்டாகலாம், ஆனால் அதற்குச் சூடோ அமிலமோ வேண்டியிருக்கும், அந்தப் பாறை அப்படி வெந்ததாகத் தடயம் இல்லை என்கிறார்கள். ‘உயிரின் தடயமாக இருக்கக்கூடும்’ என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். படித்தபோது எங்கள் மூத்தவர் கேன் வாயில் காகிதம் பிடித்து நின்றதுதான் எனக்குத் தெரிந்தது. அந்தப் பாறையில் துளைத்தெடுத்த துண்டு ஒரு குழாயில் அடைபட்டு அங்கேயே இருக்கிறது. யார் போய்க் கொண்டுவருவார்களோ.


குடியாத்தம் வாத்தியார் | மூன்று வாரம் கழித்து, சனி, இரவு 8.10

அம்மாவுக்கும் கடைக்கார அண்ணாவுக்கும் காட்பாடித் தம்பிக்கும் பிள்ளைகள் சார்பில் நன்றி. இன்றுதான் அடுத்த சுற்று முடிந்தது.

இந்தத் தடவை ஏழு பாட்டில்கள். கொதிக்கவைத்த வெல்லத் தண்ணீர் மட்டும் ஊற்றிய பாட்டில் மூன்று நாளும் தெளிவாக இருந்தது. அது தெளிவாக இருந்த முதல் காலையில் மூன்று பேரும் கைதட்டியதைப் பார்த்துத் தலைமையாசிரியர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஒன்றுமே நடக்காததற்குக் கைதட்டுகிறார்களே என்று நினைத்திருப்பார். வேப்பமரத்து மண் ஏழு மணி நேரம் சும்மா இருந்து, பிறகு தொடங்கி, மறுநாள் காலை நல்ல பால் நிறம். உப்புப் பாட்டில் அமைதி. ஆற்று மணலில் நத்தை ஓட்டுத் துண்டுகள் இருந்தன, எலுமிச்சைக்கு நுரைத்தன; புதிதாகக் கரைத்த வெல்லத் தண்ணீருக்கு உடனடிக் குமிழி வரவில்லை. மோர் ஆப்பசோடா பாட்டில் இரண்டு நிமிடத்தில் ஆட்டம் முடித்தது.

ஒன்றே ஒன்று இடித்தது. குக்கரில் அரை மணி நேரம் வேகவைத்த மண், இரண்டாம் நாள் இரவு பால் நிறமாகத் தொடங்கிவிட்டது. ஏதோ பிழை என்று நான் அதை ஒளித்து வைக்கப் பார்த்தேன். மூவரில் கடைசி பெஞ்சுக்காரி விடவில்லை. அதையும் மேசையில் வைத்து, நேரத்தையும் எழுதி, ‘ஏன் என்று தெரியவில்லை’ என்று அட்டையில் எழுதிவிட்டாள். மீதி மண்ணை ஒரு நாள் விட்டு மறுபடி குக்கரில் வைத்து ஏழாவது பாட்டிலில் போட்டாள். அது இன்றுவரை தெளிவு.

நடுவர் வேறு ஆள். அந்த அட்டை முன்னால்தான் அதிக நேரம் நின்றார். முதல் பரிசு விளக்கு எரிந்து சுற்றும் சூரியக் குடும்பத்துக்குப் போனது. எங்களுக்கு இரண்டாவது. சூரியக் குடும்பத்தில் செவ்வாய் பூமியைவிடப் பெரிதாக இருந்தது என்று மூவரும் வரும் வழி முழுக்கப் பஸ்ஸில் குமுறிக்கொண்டு வந்தார்கள்.

அம்மா, அந்தக் குக்கர் மண் ஏன் அப்படிச் செய்தது?


பழைய பெட்ரித்தட்டு | சனி, இரவு 8.35

வித்து. மண்ணில் இருக்கும் சில பேசிலஸ் கிருமிகள் கஷ்டம் வந்தால் ஓடு கட்டிக்கொண்டு தூங்கிவிடும். மண் கட்டியாக இருந்தால் குக்கர்ச் சூடு நடுவில் சரியாக இறங்காது, உள்ளே இருப்பவை பிழைத்துக்கொள்ளும். அந்தப் பெண் ஒரு நாள் விட்டு மறுபடி வேகவைத்தாளே, அதற்கு டிண்டல் முறை என்று பெயர். விட்ட ஒரு நாளில் பிழைத்த வித்துகள் விழித்துக்கொள்ளும், விழித்தவை இரண்டாவது சூட்டில் சாகும். யாரும் சொல்லாமலா செய்தாள்?

ஒரு முறை வேகவைத்த அந்தப் பாட்டிலைக் கழுவிவிடாதீர்கள். மூடியை இறுக்காமல், நிழலில், அப்படியே வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை மூவரையும் வேலூருக்கு அழைத்து வாருங்கள். தொட்டப்பாளையத்தில்தான் இருக்கிறேன், தனிச்செய்தியில் வழி சொல்கிறேன். என்னிடம் பழைய நுண்ணோக்கி ஒன்று இருக்கிறது, கண்ணாடித் தகடுகளும் சாயமும் இருக்கின்றன. வித்து பச்சையாகவும் மற்றது சிவப்பாகவும் தெரியும்படி சாயம் ஏற்றிக் காட்டுகிறேன். பாட்டிலை அவளே பிடித்துக்கொண்டு வரட்டும், நீங்கள் பிடிக்க வேண்டாம்.